எக் ரைஸ் காசு யார் பாக்கெட்ல இருந்து போகுது? வேலூர் தள்ளுவண்டி கணக்கோட ஒரு பதில்

கேள்வி இது: "ஏழைபாழைங்கதான் பாஸ்ட் புட்டுக்கு காச கொட்டறாங்க, வசதியானவங்க வீட்ல சமைச்சு ஒழுங்கா சாப்பிடறாங்கன்னு எங்க மாமா சொல்றாரு. வேலூர்ல எந்த ரோட்டுக்கடைய பாத்தாலும் அப்படித்தான் தெரியுது. இது நெஜமா? டேட்டா எதாவது இருக்கா?"

டேட்டா நெறைய இருக்குங்க. உங்க மாமா சொல்றதுல பாதி தப்பு, கால்வாசி சரி, மீதி கால்வாசி அவர் எதை எண்றார்ங்கறத பொறுத்தது. கொஞ்சம் நீளமா சொல்றேன், டீ எடுத்துகினு உக்காருங்க.

மொதல்ல நான் எந்த எடத்துல இருந்து பேசறேன்னு சொல்லிடறேன். எகனாமிக்ஸ் படிச்சேன், அப்புறம் சில வருஷம் வீடு வீடா போய் குடும்பச் செலவு கேக்கற சர்வே வேலைல காண்ட்ராக்ட்ல இருந்தேன், குடியாத்தம் பேரணாம்பட்டு பக்கம் நடந்து செருப்பு தேஞ்சது தனிக்கதை. இப்போ வேற வேலை. ஆனா என் வீட்டுக்காரி தம்பி சத்துவாச்சாரில தள்ளுவண்டி பாஸ்ட் புட் போட்டுகினு இருக்கான், அவனுக்கு ஞாயித்துக்கெழம காலைல வாரக் கணக்கு எழுதறது நான்தான். அதனால சர்வே பேப்பரும் தெரியும், எண்ணெய் டின் விலையும் தெரியும்.

இந்த விஷயத்துல எல்லாரும் மூணு கேள்விய ஒண்ணா போட்டு கொழப்பறாங்க. யாரு அதிகமா சாப்பிடறாங்க, அதாவது எத்தன தடவ? யாரு அதிகமா காசு செலவு பண்றாங்க? யாருக்கு சம்பாத்தியத்துல பெரிய பங்கு அதுல போகுது? மூணுக்கும் பதில் வேற வேற. உங்க மாமா மூணாவத மனசுல வெச்சிகினு மொத கேள்விக்கு பதில் சொல்றார், பெரும்பாலானவங்க பண்றதும் அதேதான்.

"ஏழைங்கதான் பாஸ்ட் புட்"ங்கற பேச்சு இங்க மொளச்சதே இல்ல, அமெரிக்காவுல இருந்து டிவி வழியா வாட்சப் வழியா வந்தது. சரி, அங்கயாவது நெஜமான்னு பாத்தா அங்கயும் இல்ல. அந்த நாட்டு நோய்த்தடுப்பு அமைப்பு சிடிசி, 2013ல இருந்து 2016 வரைக்கும் எடுத்த சர்வேய வெச்சு 2018ல ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு. ஏதாவது ஒரு நாள எடுத்துகினா 20 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 36.6 சதவீதம் பேர் அன்னிக்கு பாஸ்ட் புட் சாப்பிட்டிருக்காங்க. அத வருமானப்படி பிரிச்சா கீழ் தட்டுல 31.7, நடுத்தட்டுல 36.4, மேல் தட்டுல 42. பாத்தீங்களா, வருமானம் ஏற ஏற ஏறுது. வருமானத்த விட வயசு பெரிய வித்தியாசம் காட்டுது, 20ல இருந்து 39 வயசுக்குள்ள 44.9 சதவீதம், 60 தாண்டினவங்கள்ல 24.1 தான். எங்க வண்டி முன்னாடி நிக்கற கூட்டத்த பாத்தாலும் இதே கதைதான், தாத்தா பாட்டி யாரும் வரமாட்டாங்க, பேரன்தான் வருவான்.

இன்னொண்ணு, கலிபோர்னியா பல்கலைக்கழகம் டேவிஸ்ல டேஹ்வான் கிம், பால் லீன்னு ரெண்டு பேர் 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வருஷ வருமானம் 60,000 டாலர் வரைக்கும் பாஸ்ட் புட் கடைக்கு போறது கூடிகினே போகுது, அதுக்கு மேல கொறைய ஆரம்பிக்குது, ஆனா உக்காந்து சாப்பிடற பெரிய ரெஸ்டாரண்டுக்கு போறது மட்டும் கடைசி வரைக்கும் ஏறிகினே இருக்கு. அப்புறம் 2017ல ஜெய் ஸகோர்ஸ்கி, பேட்ரிசியா ஸ்மித் ஆய்வு. நாப்பது அம்பது வயசுக்காரங்க 8,000 பேர் கிட்ட மூணு வார சாப்பாட்ட பத்தி கேட்டா, நடுத்தட்டுக்காரங்கதான் கொஞ்சம் தூக்கலா சாப்பிடறாங்க, அடித்தட்டு 10 சதவீதம், மேல்தட்டு 10 சதவீதம் ரெண்டும் அவங்களுக்கு கீழ, அதுவும் வித்தியாசம் ரொம்ப பெருசு இல்ல, எல்லா தட்டுலயும் கிட்டத்தட்ட முக்கால்வாசி பேரோ அதுக்கு மேலயோ ஒரு தடவையாவது சாப்பிட்டிருக்காங்க. எனக்கு அதுல புடிச்ச விஷயம் வேற. அதிக நேரம் வேல செய்யறவங்க, ஓய்வு நேரம் கம்மியா இருக்கறவங்கதான் அதிகம் சாப்பிடறாங்கன்னு அதுல வருது. அதாவது பர்ஸ விட கடிகாரம்தான் முக்கியம். இத ஞாபகம் வெச்சிக்குங்க, திரும்ப வருவேன்.

இப்போ அங்க இன்னும் தலைகீழா போயிகினு இருக்கு. 2025 மொத மூணு மாசத்துல மெக்டொனால்ட்ஸுக்கு அமெரிக்காவுல ஏற்கனவே இருக்கற கடைங்க விற்பனை 3.6 சதவீதம் விழுந்துச்சு, 2020 கொரோனா காலத்துக்கு அப்புறம் அவ்ளோ விழுந்ததே இல்ல. அந்த கம்பெனி தலைமை அதிகாரியே சொன்னாரு, வருமானம் கம்மியா இருக்கறவங்க வர்றது கிட்டத்தட்ட பத்து சதவீதம் அளவுக்கு கொறஞ்சிடுச்சு, நடுத்தரமும் கொறையுது, வசதியானவங்க மட்டும் அப்படியே வர்றாங்கன்னு. அதுக்கு முந்தின வருஷம் ஜூன்லயே 5 டாலர் மீல்னு ஒண்ணு விட்டு ஆள புடிக்க பாத்தாங்க. "ஏழைங்க சாப்பாடு"ன்னு பேர் வாங்கின பர்கர வாங்கவே அங்க ஏழைக்கு இப்போ முடியல. உங்க மாமாகிட்ட மொதல்ல இத சொல்லுங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவுல குடும்பச் செலவு சர்வே 2022-23க்கும் 2023-24க்கும் அடுத்தடுத்து எடுத்தாங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டரை லட்சம் வீட்டுக்கு மேல. 2023-24ல தமிழ்நாட்டு கிராமத்துல ஒரு ஆளுக்கு மாசச் செலவு சராசரி 5,701 ரூபா, டவுன்ல 8,165. இந்தியா சராசரி 4,122, 6,996. நாம மேலதான் இருக்கோம்.

இதுல "பாஸ்ட் புட்"னு தனியா ஒரு கட்டம் கெடையாது. பானங்கள், சிற்றுண்டி, தயாரிச்ச உணவுன்னு ஒரே மூட்டையா கட்டி இருக்கு. அந்த மூட்டைல டீக்கடை டீயும் இருக்கு, பிஸ்கட் இருக்கு, மிக்சர் இருக்கு, குர்குரே இருக்கு, பரோட்டா பார்சல் இருக்கு, ஆபீஸ் கேண்டீன் சாப்பாடு இருக்கு, பிட்சாவும் இருக்கு. அதனால யாராவது "இந்தியர்கள் இவ்ளோ சதவீதம் பாஸ்ட் புட்டுக்கு செலவு பண்றாங்க"ன்னு இந்த சர்வேய காட்டி மீம் போட்டா அப்படியே நம்பிடாதீங்க, அதுல பாதி டீயும் பட்டர் பிஸ்கட்டுமா இருக்கும்.

ஆனா போற தெச தெளிவா தெரியுது. 2011-12ல அந்த மூட்டை மொத்தச் செலவுல கிராமத்துல 7.9 சதவீதம், டவுன்ல 8.98. 2022-23ல 9.62, 10.64. அடுத்த வருஷமே 9.84, 11.09. இதே காலத்துல அரிசி கோதும மாதிரி தானியத்துக்கு போற பங்கு கிராமத்துல 10 சதவீதத்துக்கு மேல இருந்தது 5க்கும் கீழ எறங்கிடுச்சு. அதாவது இந்தியாவுல ஒரு சராசரி குடும்பம் இப்போ அரிசி கோதுமைக்கு குடுக்கறத விட வாங்கி திங்கறதுக்கும் குடிக்கறதுக்கும் குடுக்கறது ரெண்டு மடங்கு. கிராமத்துலயே இப்படி.

எர்ன்ஸ்ட் எங்கல்னு ஒரு ஜெர்மன்காரர் 1857லயே சொன்னாரு, வருமானம் ஏற ஏற சாப்பாட்டுக்கு போற பங்கு கொறையும்னு. அது இங்கயும் நடக்குது, 2011-12ல கிராமத்துல செலவுல பாதிக்கு மேல சாப்பாடு, 2023-24ல பாதிக்கும் கம்மி. ஆனா சாப்பாட்டுக்குள்ள என்னா நடக்குதுன்னு அந்த விதி சொல்லாது. மொத்த சாப்பாட்டுப் பங்கு சுருங்குது, அதுக்குள்ள அரிசி சுருங்கி ரெடிமேட் ஊதுது.

இங்க சர்வே எடுத்தவன்னு ஒரு உள்விஷயம் சொல்றேன். இந்த நம்பர் எல்லாமே நெஜத்த விட கொஞ்சம் கம்மியாதான் இருக்கும்னு என் சந்தேகம். ஏன்னா வீட்ல பதில் சொல்றது ஒருத்தர், பெரும்பாலும் அந்த வீட்டு அம்மா. "போன ஏழு நாள்ல வெளிய வாங்கி சாப்பிட்டது எவ்ளோம்மா"ன்னு கேட்டா, "நானு எங்க சாப்ட்டேன், அவரு வெளிய இன்னா துன்றாருன்னு எனக்கு எப்டி சார் தெரியும்"னு சிரிப்பாங்க. அந்த சிரிப்புக்கு ஃபார்ம்ல கட்டம் இல்ல. வசதியான வீட்லயும் இதே கததான், பையன் ரூம் கதவ சாத்திகினு போன்ல ஆர்டர் பண்ணது அம்மாவுக்கு தெரியாது, டெலிவரி கவர் குப்பைல இருந்தாதான் தெரியும்.

இப்போ பங்கு கணக்கு. 2022-23 சர்வேல இந்தியா முழுக்க டவுன்ல இருக்கறவங்கள்ல அடித்தட்டு 5 சதவீதம், ஒரு ஆளுக்கு மாசத்துக்கு 2,001 ரூபா செலவு பண்றாங்க, எல்லாம் சேத்து. மேல்தட்டு 5 சதவீதம் 20,824 ரூபா. பத்து மடங்கு. எங்க வண்டில எக் ரைஸ் 70 ரூபா. வாரத்துக்கு ஒண்ணுன்னா மாசம் 280. கீழ இருக்கறவருக்கு அது மொத்தச் செலவுல 14 சதவீதம், மேல இருக்கறவருக்கு ஒண்ணேகால் சதவீதம் சொச்சம். மேல இருக்கறவர் எக் ரைஸோட நிக்கமாட்டார், வாரம் ஒரு தடவ மால்ல போய் தலைக்கு 450 ரூபாக்கு சிக்கன் பக்கெட்டும் கோலாவும் சாப்பிட்டா மாசம் 1,800, அப்பவும் அவருக்கு 9 சதவீதத்த தொடல. பாருங்க, இவர் ஆறு மடங்குக்கு மேல காசு குடுக்கறார், ஆனா வலி கீழ இருக்கறவருக்குதான் ஜாஸ்தி. உங்க மாமா சொல்றதுல நான் சரின்னு ஒத்துக்கற கால்வாசி இதுதான். காசு கொட்டறது வசதியானவங்க, கை கடிக்கறது இல்லாதவங்களுக்கு. அதனாலதான் அடித்தட்டுல வாரா வாரம் வாங்கவே மாட்டாங்க, வாங்கினாலும் வேற மாதிரி வாங்குவாங்க.

எப்படின்னு வண்டி பக்கத்துல நின்னு பாத்தா தெரியும். சாயங்காலம் ஏழே கால் இருக்கும், ராணிப்பேட்டை பக்கத்துல இருந்து ஷூ கம்பெனி வேன் சர்வீஸ் ரோட்ல வந்து நிக்கும், பத்து பன்னெண்டு பொம்பளைங்க எறங்குவாங்க, காலைல இருட்டோட கெளம்பினவங்க, கையில காலி டிபன் பை. அடுப்பு ஹோன்னு கத்திகினு இருக்கும், மாஸ்டர் கடாய தூக்கி தூக்கி போட்டுகினு இருப்பான், முட்டைகோஸ் வதங்கற வாசனையும் சோயா சாஸ் கருகற வாசனையும் ரோடு தாண்டி அடிக்கும். அதுல ஒரு அக்கா வாரத்துல ரெண்டு நாள் நிக்கும். ரைஸ் வாங்காது. "ஹாஃப் சில்லி ஒண்ணு தம்பி, வெங்காயம் கொஞ்சம் தூக்கலா போடு"ன்னு சொல்லிட்டு அந்த டிபன் பாக்ஸையே தெறந்து நீட்டும். ஒருநாள் மச்சான் கேட்டான், ரைஸ் வாணாமாக்கா, எக் ரைஸ் வெறும் எழுவதுதானேன்னு. "சோறு பெரிய பொண்ணு வடிச்சி வெச்சிருப்பாப்பா, ரசம் கீது, இத தொட்டுகினு மூணு பேரும் சாப்ட்டுடுவோம்."

அந்த ஹாஃப் சில்லி 60 ரூபா. கணக்கு போட்டு பாருங்க. ரேஷன் அரிசி 2011 ஜூன்ல இருந்து நம்ம மாநிலத்துல இலவசம், சோறு செலவு கிட்டத்தட்ட இல்ல. கால் கிலோ கறி வாங்கி, எண்ணெய் வெங்காயம் மசாலா போட்டு, கேஸ் எரிச்சு, ராத்திரி எட்டு மணிக்கு மேல நின்னு சமைச்சாலும் 60 ரூபாய தாண்டும், அதோட ஒரு மணி நேரம் போகும். அந்த அக்காவுக்கு மறுநாள் காலைல திரும்ப வேன். இவங்க காச விரயம் பண்றாங்கன்னு சொல்றவங்க ஒருநாள் அந்த வேன்ல போயிட்டு வரணும். நான் பாத்த வரைக்கும் ரொம்ப கணக்கா செலவு பண்றது இவங்கதான். சோறு வீட்ல, தொட்டுக்க மட்டும் கடைல. அளவு பாத்து, ஆள் எண்ணி வாங்கறாங்க. சர்வேல இது "தயாரிச்ச உணவு"ன்னு விழும், ஆனா உண்மைல இது வீட்டுச் சமையலோட ஒரு பாகம்.

இதுக்கு நேர் எதிர் காட்சி பாக்கணும்னா சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ல காந்தி ரோடு லாட்ஜுங்களுக்கு போங்க. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ்ல இருந்து வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கா தங்கறாங்க. வைத்தியத்துக்கு லட்சக்கணக்குல செலவு பண்ற குடும்பங்க அதுல இருக்கு. ஆனா லாட்ஜ் ரூம்ல கேஸ் ஸ்டவ் வெச்சு சொந்தமா பருப்பும் மீனும் உருளைக்கெழங்கும் சமைக்கறாங்க, கீழ தெருவுல அவங்களுக்குன்னே காய் கடை, ஆத்து மீன் கடை எல்லாம் ஓடுது. ஏன்னா அடுத்த டோக்கனுக்கு மூணு நாள் இருக்கு, நேரம் கையில கெடக்கு, காசுதான் ஓடுது. ஷூ கம்பெனி அக்காவுக்கு ரெண்டுமே இல்ல, ஆனா ரெண்டுல நேரம் இன்னும் கம்மி. ஒரே ஊர், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. பாஸ்ட் புட்ட முடிவு பண்றது வெறும் வருமானம்னா இது எப்படி நடக்கும்?

கிட்டத்தட்ட எல்லா தட்டும் வண்டிக்கு வரும், வர்ற நாள் மட்டும் வேற. கட்டட வேலைக்காரங்களுக்கு சனிக்கெழம கூலி, அதனால சனி ராத்திரிதான் எங்களுக்கு தீபாவளி, மத்த நாள் மாதிரி ரெண்டு மடங்கு ஓடும், அவங்க ஃபுல் சிக்கன் ரைஸே வாங்குவாங்க, பேரம் பேசமாட்டாங்க. மாசச் சம்பளக்காரங்க ஒண்ணுல இருந்து பத்து தேதி வரைக்கும் குடும்பத்தோட வருவாங்க, இருவதுக்கு மேல ஆள காணோம். காலேஜ் பசங்க வீட்ல இருந்து காசு வர்ற வரைக்கும் கடன் சொல்லுவானுங்க. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபா ஏறினதும் எல்லாம் பாஸ்ட் புட் கடைக்குதான் ஓடுதுன்னு ஒருத்தர் என்கிட்ட அடிச்சு சொன்னார், சரி பாத்துடலாம்னு 2023 செப்டம்பர்ல திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து ஒவ்வொரு மாசமும் 15ஆம் தேதிய ஒட்டின நாளுங்கள நோட்ல தேடினேன். ஒரு மேடும் இல்ல. சனிக்கெழம மேடு மட்டும்தான் இருக்கு. அந்த ஆயிரம் கேஸுக்கும் குழுக் கடனுக்கும் போகுதோ என்னமோ, எங்க கல்லாவுக்கு வரல. புரட்டாசி மாசம் மட்டும் எல்லா தட்டும் ஒத்துமையா எங்கள பட்டினி போடும், கோபி ரைஸ் தவிர ஒண்ணும் ஓடாது.

ஆம்பூர் பிரியாணி பாஸ்ட் புட்டான்னு ஒரு சண்ட எப்பவும் வரும். வேகம்தான் அளவுன்னா, சீரக சம்பா தேக்சாவுல தயாரா இருக்கும், உக்காந்த ஒரு நிமிஷத்துல கத்திரிக்காயோட தட்டு வந்து விழும், எந்த பர்கர் கடையும் அதோட போட்டி போட முடியாது. தோல் கம்பெனி தொழிலாளியும் சாப்பிடுவான், தோல் கம்பெனி முதலாளியும் சாப்பிடுவார். இல்லாதவன் குஸ்காவோட நிறுத்திப்பான், அவ்ளோதான் வித்தியாசம். குஸ்காங்கறதே ஒரு வகைல வருமானத்துக்கு ஏத்த மெனுதான், கார்ப்பரேட் கம்பெனிக்காரன் "வேல்யூ மீல்"னு கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடியே நம்ம பாய்ங்க கண்டுபுடிச்சது.

அதே மாதிரி ரொம்ப அடித்தட்டு ஆளுங்க எங்க வண்டிக்கு வர்றதே அபூர்வம், இதையும் யாரும் கவனிக்கறதில்ல. அவங்களுக்கு 70 ரூபாங்கறது பெரிய காசு. 2013ல வந்த அம்மா உணவகத்துல இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. பஸ் ஸ்டாண்டுல படுக்கறவர், மூட்டை தூக்கறவர், அவருக்கு வேகமா கெடைக்கற சாப்பாடுன்னா அதுதான். பாஸ்ட் புட் வண்டின்னா அதுக்கு ஒரு படி மேல, கையில கொஞ்சம் காசு, காலுல நெறைய ஓட்டம் இருக்கறவங்க எடம். அமெரிக்காவுல நடுத்தட்டு தூக்கலா இருந்தது ஞாபகம் இருக்கா, இங்கயும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு மேடு தான் எனக்கு தெரியுது, என்ன, நம்ம நடுத்தட்டு வேற உயரத்துல இருக்கு.

உடம்பு விஷயம். இதுல மாமா சொல்றத நான் ஒதுக்க மாட்டேன், ஆனா ஏழை பணக்காரன்னு பிரிச்சு சொல்றதுதான் ஒத்துக்க முடியல. வேலூர்லயே சிஎம்சி டாக்டருங்க 1991-94லயும் திரும்ப 2010-12லயும் டவுன்லயும் கிராமத்துலயும் சர்வே எடுத்தாங்க. அந்த இடைவெளில சக்கர வியாதி டவுன்ல ரெண்டு மடங்காச்சு, கிராமத்துல மூணு மடங்காச்சு. பணக்கார வியாதின்னு சொல்லிகினு இருந்தது களி தின்ன ஊருக்கே வந்துடுச்சு. தமிழ்நாடு முழுக்க பாத்தா 2015-16ல அதிக எடை இருந்த பொம்பளைங்க 30.9 சதவீதம், 2019-21ல 40.4. ஆம்பளைங்க 28.2ல இருந்து 37. இதுக்கு எங்க வண்டி மட்டும் காரணம்னு நான் சொல்லமாட்டேன், டூவீலர் வந்து நடை நின்னுச்சு, கேழ்வரகு போயி வெள்ள அரிசி மூணு வேளையும் வந்துச்சு, டீல சக்கரை. ஆனா எங்க பங்கும் இருக்கு, மறைக்க முடியாது.

எங்க பங்கு எங்க இருக்குன்னும் சொல்றேன், ஏன்னா இது நேரா விலையோட கட்டி இருக்கு. நாட்டுக்கு வேணுங்கற சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல எறக்குமதி, அதுல பெரிய பங்கு பாமாயில். 2024 செப்டம்பர்ல கச்சா பாமாயிலுக்கு அடிப்படை வரி பூஜ்யத்துல இருந்து 20 சதவீதம் ஆச்சு, 2025 மே கடைசில 10 ஆக்கினாங்க. வரி ஏறின வாரமே டின் விலை எகிறுச்சு. அப்போ மச்சான் கேட்டான், "மாமா, எக் ரைஸ 80 ஆக்கிடலாமா?" நான் ஆக்குன்னேன். ரெண்டு நாள்ல கூட்டம் எதிர் வண்டிக்கு போயிடுச்சு, அங்க இன்னும் 70. மூணாம் நாள் திரும்ப 70 போர்டு மாட்டினான், ஆனா கரண்டி மாறிடுச்சு. பழைய கரண்டில மூணு, புதுசுல மூணு, எண்ணிக்க அதேதான், கரண்டிதான் சின்னது. அந்த கொறஞ்ச எடத்த முட்டைகோஸ வெச்சு ரொப்புவான். பரவால்ல, கோஸ் நல்லதுதான்னு நெனச்சா, இன்னொரு பக்கம் எண்ணெய மாத்தற நாளும் தள்ளிப்போகும். சில வண்டில பொரிச்ச எண்ணெய்லயே திரும்ப திரும்ப பொரிக்கறத கண்ணால பாத்திருக்கேன், கருப்பா டீ டிகாஷன் மாதிரி இருக்கும். விலை ஏத்த முடியாத எடத்துல தரம்தான் எறங்கும், இது தள்ளுவண்டிக்குன்னு இல்ல, எந்த யாவாரத்துக்கும். வாடிக்கையாளர் 10 ரூபாக்கு ஓடிப்போற அளவுக்கு இறுக்கமா இருக்கறப்போ அந்த எண்ணெய் வித்தியாசத்த அவரேதான் உடம்புல வாங்கிக்கறார்.

வசதியானவங்க சாப்பிடறது சுத்தமானதான்னு கேட்டா, ஏசி போட்ட கடைல பொரிச்சாலும் பொரிச்சதுதான். பச்ச முட்டைல செய்யற மயோனைஸ 2025 ஏப்ரல்ல ஒரு வருஷத்துக்கு தமிழ்நாடு அரசு தட பண்ணுச்சே, அது ஷூ கம்பெனி அக்காவோட டிபன் பாக்ஸுக்கு வர்ற ஐட்டம் இல்ல. ஷவர்மா, பர்கர், மோமோஸ் பக்கத்துல வர்றது, காட்பாடில காலேஜ் பசங்களும் கார்ல வர்றவங்களும் வாங்கறது.

கடைசியா ஒண்ணு, இது இந்த வருஷம் எங்க நோட்லயே வந்தது. மச்சான் நூறு ரூபா கட்டி உணவுப் பாதுகாப்பு ரெஜிஸ்ட்ரேஷன் வாங்கி, ஒரு டெலிவரி ஆப்ல சேந்தான். ஆப்காரனுக்கு கமிஷன் போகணும்ல, அதனால அங்க அதே எக் ரைஸ் 110 ரூபா. அதுக்கு மேல டெலிவரி சார்ஜ், பேக்கிங், பிளாட்பார்ம் ஃபீஸ்னு வாங்கறவங்களுக்கு 150 கிட்ட வந்து நிக்கும். யாருடா இத வாங்கப்போறான்னு நான் சிரிச்சேன். வாங்கறாங்க. வண்டிக்கு பின்னாடி தெருவுல இருக்கற அபார்ட்மெண்ட்ல இருந்தே ஆர்டர் வருது, எண்ணூறு அடி தூரம் இருக்கும், பால்கனில நின்னா எங்க அடுப்பு நெருப்பு தெரியும். டெலிவரி பையன் வந்து வாங்கிகினு பைக்க ஸ்டார்ட் பண்ணி திரும்பறதுக்குள்ள எடம் வந்துடும். அவங்களுக்கு ரோட்ல வந்து நிக்கறதுதான் கஷ்டம் போல, இல்ல நேரம் இல்ல, ஆபீஸ் கால்ல இருப்பாங்க, தப்பு சொல்லல.

இப்போ நோட்ல ரெண்டு கட்டம் போட்டிருக்கேன், வண்டி ஒண்ணு, ஆப் ஒண்ணு. போன வாரம் வண்டில எக் ரைஸ் 212 ப்ளேட், ஆப்ல 31. அதே மாஸ்டர், அதே கடாய், அதே சின்ன கரண்டி. மச்சான் ஆப் பக்கம் மட்டும் பழைய கரண்டிய போடலாமான்னு யோசிச்சிகினு இருக்கான், ஸ்டார் கம்மியா குடுத்துடறாங்களாம்.